நிமோனியாவுக்குப் பிறகு இருமல்: எதுவரை பொறுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும்

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மன்னார்குடிப் பக்கம் கிராமம். அப்பாவுக்கு 64 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை, ஐந்து வருஷத்துக்கு முன்புவரை பீடி. நிமோனியா என்று தஞ்சாவூரில் ஏழு நாள் சேர்த்து வைத்திருந்து, வீட்டுக்கு வந்து 24 நாள் ஆகிறது. மாத்திரை முடிந்துவிட்டது, காய்ச்சல் இல்லை. ஆனால் இருமல் நிற்கவில்லை. கொல்லைக்குப் போய்வந்தாலே உட்காரச் சொல்கிறது. போன வாரம் நீங்களாகவே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்கள், ‘பேட்ச் இன்னும் இருக்கு’ என்று ரிப்போர்ட் வந்தது. மெடிக்கல் ஷாப்காரர் இன்னொரு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போடச் சொல்கிறார், சித்தப்பா டாக்டரை மாற்றச் சொல்கிறார், பக்கத்து வீட்டில் டிபி என்கிறார்கள், அப்பாவோ சம்பா அறுப்புக்கு வயலுக்குப் போகணும் என்று நிற்கிறார். ‘இருமல் ஏன் நிற்கவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, இது நோய் ஆறுகிற வேகமா அல்லது நோய் திரும்புகிறதா, அதை வீட்டில் இருந்தபடி எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஆறுகிற வேகம்தான். நேரில் தொட்டுப் பார்க்காமல், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் இதற்கு மேல் யாரும் உறுதி சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பிடி இருக்கிறது. இருமல் இருக்கிறதா இல்லையா என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்காமல், போன வாரத்துக்கு இந்த வாரம் எப்படி என்று பாருங்கள். மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் பொறுக்கலாம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நின்றால் காட்ட வேண்டும். குறைந்து வந்தது திரும்ப ஏறினால் அன்றைக்கே காட்ட வேண்டும். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

நிமோனியாவில் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகளில் சீழும் நீரும் நிரம்பிவிடுகின்றன. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், அவ்வளவுதான். செத்த கிருமியையும் சீழையும் அள்ளி வெளியேற்றுவது உடம்பின் வேலை. வெள்ளம் வடிந்த வீட்டில் சேறு வாருவதுபோல, தண்ணீர் போன வேகத்தில் சேறு போகாது. மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில் சளியை மேலே தள்ளுகிற நுண்மயிர்கள் உண்டு. அவை சிதைந்து மறுபடி முளைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த வேலையை இருமல்தான் செய்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நோயாளிகளிடம் சொல்லச் சொன்ன கணக்கு இது: சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும், நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், ஆறு வாரத்தில் இருமலும் மூச்சுவாங்கலும் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், மூன்று மாதத்தில் களைப்பு தவிர மற்றதெல்லாம் போயிருக்கும், ஆறு மாதத்தில் பெரும்பாலானவர்கள் பழையபடி ஆகிவிடுவார்கள். இது பொதுக்கணக்கு. சர்க்கரையும் வயதும் சேர்ந்தால் கொஞ்சம் பிந்தும்.

நாள் கணக்கை வீடு திரும்பியதிலிருந்து எண்ணாதீர்கள், சிகிச்சை தொடங்கியதிலிருந்து எண்ணுங்கள். அப்பாவுக்கு இன்று 31ஆம் நாள். ஆறு வாரம் ஆக இன்னும் 11 நாள் இருக்கிறது. இருமல் இருப்பது கணக்குக்குள்தான் வருகிறது. ‘நன்றாகக் குறைந்திருக்கிறதா’ என்பதற்குத்தான் உங்கள் கேள்வியில் பதில் இல்லை. ராத்திரி எத்தனை தடவை எழுப்புகிறது, சளி ஒரு நாளைக்கு எவ்வளவு, வாசலிலிருந்து எதுவரை நிற்காமல் நடக்கிறார் என்று மூன்று விஷயத்தை மட்டும் குறித்து வையுங்கள். சளியின் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மஞ்சளும் இளம்பச்சையும் வெள்ளணுக்களின் நிறம்தான், மிச்சச் சேறு வெளியேறும்போதும் அந்த நிறம் வரும். நாற்றமும் ரத்தமும் வேறு கதை, பின்னால் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயை இப்போது எடுத்திருக்க வேண்டாம். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் எடுத்ததால் பயம்தான் மிச்சம். படத்தில் தெரிகிற வெள்ளை, உடம்பு தேறுவதைவிட எப்போதும் பிந்தித்தான் கரையும். 50 வயதுக்குக் கீழே, வேறு நோய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு வாரத்தில் போய்விடும். வயதானவர், சர்க்கரைக்காரர், நுரையீரல் ஏற்கெனவே கெட்டவர், நிமோனியா ஒரு பக்கத்துக்கு மேல் பரவியவர் என்றால் 12 வாரம்வரை கூட இருக்கும். ஆகவே நான்கு வாரத்துக்குள் எடுத்த படத்தில் ‘பேட்ச் இருக்கு’ என்பது செய்தியே இல்லை. ‘முன்னைவிடப் பெரிதாகியிருக்கு’ அல்லது ‘நீர் கோத்திருக்கு’ என்றால் செய்தி. இதைச் சொல்ல வேண்டுமானால் பழைய படம் பக்கத்தில் இருக்க வேண்டும். லேபில் பழைய படத்தைக் காட்டினீர்களா? இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அதேசமயம் உங்கள் அப்பாவுக்கு ஆறு வாரம் கழித்து ஒரு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும். எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை: அமெரிக்க நெஞ்சக மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நன்றாகத் தேறியவருக்கு வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்கிறது; பிரிட்டிஷ் நெஞ்சக மருத்துவ சங்கம், 50 வயதைக் கடந்தவர்களுக்கும் புகைத்தவர்களுக்கும் அறிகுறி விடாதவர்களுக்கும் எடு என்கிறது. பீடி குடித்த 64 வயதுக்காரர் எந்தக் கட்சியின் கணக்கிலும் பாதுகாப்பான பக்கத்தில் இல்லை. காரணம், மூச்சுக்குழாயை அடைக்கிற புற்றுக்கட்டிக்குப் பின்னால் நிமோனியா வரும்; நிமோனியா கரைந்த பிறகுதான் கட்டி கண்ணில் படும். 12 வாரத்திலும் வெள்ளை அப்படியே இருந்தால் சிடி ஸ்கேன், தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி. அதற்கு முன்னால், நன்றாகத் தேறிக்கொண்டிருப்பவருக்கு, மனநிம்மதிக்காக சிடி எடுப்பது பணத்துக்குப் பிடித்த கேடு.

மெடிக்கல் ஷாப் ஆன்டிபயாடிக் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் விட்டு, நாடித்துடிப்பு இறங்கி, சாப்பிட ஆரம்பித்தவருக்குச் சாதாரண நிமோனியாவில் ஐந்திலிருந்து ஏழு நாள் மருந்து போதும். மிச்ச இருமலுக்கு இன்னொரு கோர்ஸ் போட்டால் இருமல் நிற்காது, வயிற்றுப்போக்கு வரும். இதைவிடப் பெரிய ஆபத்து, கடையில் சுலபமாகக் கைக்கு வருகிற லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளில் இருக்கிறது. அவை டிபி கிருமியையும் பாதி அடிக்கும். டிபி இருக்கும் ஆளுக்குப் பத்து நாள் கொடுத்தால் அவர் தேறியதுபோலத் தெரியும், சளியில் கிருமி அகப்படாமல் போகும், ஒரு மாதம் கழித்து நோய் முற்றி வரும். கடையில் பொட்டலம் கட்டித் தரும் ‘செட்டு’ மாத்திரையில் ஸ்டீராய்டும் இருக்கலாம். அது காய்ச்சலை மறைக்கும், பசியைத் தூண்டும், சர்க்கரையை 300க்கு மேல் ஏற்றும். மூன்று நாள் ‘நல்லாயிருக்கு’ என்று தோன்றவைக்கும்.

சரி, வீட்டில் எதை அளப்பது? காலையும் சாயங்காலமும் நான்கு எண்கள்: காய்ச்சல், நாடித்துடிப்பு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன். மூச்சு எண்ணுவதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ‘அப்பா, மூச்சை எண்ணப் போறேன்’ என்று சொன்னாலே மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவர் வயிற்றில் வைத்து, அது எழும்புவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு விட்டுப்போனாலே நாலு குறைந்துவிடும். 12 முதல் 20 சாதாரணம். 24ஐத் தாண்டினால் அரை மணி ஓய்வுக்குப் பிறகு மறுபடி எண்ணுங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர். 30 என்றால் ஆம்புலன்ஸ்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கோவிட் சமயத்தில் வாங்கியது அலமாரியில் கிடக்கும், பேட்டரி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகத்தில் மருதாணியோ பாலிஷோ இல்லாத விரலில் மாட்டுங்கள். முதலில் காட்டும் எண்ணை எழுதாதீர்கள். ஒரு நிமிஷம் ஆடாமல் வைத்து, எண் நிலையாக நின்ற பிறகு எழுதுங்கள். மார்கழிப் பனியில் விரல் சில்லென்றிருந்தால் கருவி 88 என்று கூடப் பொய் சொல்லும். கறுத்த தோலில் உண்மையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகக் காட்டுவதும் உண்டு, ஆகவே 93ஐ ‘பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 94ம் அதற்கு மேலும் சரி. வழக்கமாக 97 காட்டியவர் 93, 92க்கு இறங்கினால் அன்றைக்கே காட்டுங்கள். 90க்குக் கீழே என்றால் 108. வாசலில் மெதுவாக ஆறு நிமிஷம் நடந்தபின் நாலோ அதற்கு மேலோ இறங்கினாலும், உட்கார்ந்திருக்கும்போது எண் சரியாக இருந்தாலும் கூட, அது கவனிக்க வேண்டிய விஷயம். பீடியால் ஏற்கெனவே சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று எழுதப்பட்டவர்களுக்கு 88லிருந்து 92வரை இருப்பதே வழக்கமாக இருக்கலாம். அவர்களுடைய எண்ணை அவர்களுடைய டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெல்லாம் பார்க்காமல் நேராக 108க்கு அழைக்க வேண்டிய சமயங்கள் உண்டு. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுவாங்கி ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் போவது, உதடோ நாக்கோ நீலம் பூப்பது, வேர்வையோடு நெஞ்சை அமுக்குவது, கரண்டியளவு ரத்தம் இருமலில் வருவது, திடீரென்று ஆள் குழம்பிப்போவது. கடைசியாகச் சொன்னதைத்தான் வீட்டில் தவறவிடுகிறார்கள். வயதானவருக்குக் கிருமி மறுபடி தலைதூக்கினால் காய்ச்சல் வராமலே இருக்கலாம். பேரனைப் பேர் மாற்றிக் கூப்பிடுவது, பகல் முழுக்கத் தூங்கி ராத்திரி எழுந்து வாசலுக்குப் போவது, சோற்றைத் தொடாமல் வைப்பது, இதுதான் அவர்களுடைய காய்ச்சல். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள், முந்தாநாள்வரை அப்படி இல்லை என்றால் அது வயசு இல்லை.

108 அளவுக்கு இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டியவை வேறு. இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், அதுவும் இழுத்து மூச்சு விடும்போது ஒரு பக்கம் குத்தினால், நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருக்கலாம். சீழ் கோத்தால் மாத்திரை அங்கே சரியாகப் போய்ச் சேராது, குழாய் வைத்து இறக்க வேண்டியிருக்கும். ஆகவே அதற்கு ‘இன்னும் நாலு நாள் பார்ப்போம்’ கிடையாது. சளி அழுகிய நாற்றம் அடித்தால் நுரையீரலுக்குள் சீழ்க்கட்டி இருக்கலாம். குடிப்பழக்கம் உள்ளவர்கள், பல் சொத்தை உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்களிடம் இது அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். படுக்கையில் கிடந்ததன் விளைவு அது, நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கு ஆபத்து. காலைத் தேய்த்துவிட வேண்டாம், அப்படியே கூட்டிப்போங்கள். ஆன்டிபயாடிக் முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடாமல், எந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்ற சீட்டோடு போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் டிபி என்றதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். சர்க்கரை இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. சர்க்கரைக்காரரின் டிபி, பாடத்தில் சொல்கிறபடி நுரையீரலின் மேல்பகுதியில் வராமல் கீழ்ப்பகுதியில் வந்து அச்சாக நிமோனியா மாதிரியே படம் காட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, சளியில் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை செய்தார்களா என்று பாருங்கள். செய்து நெகட்டிவ் என்றால் இப்போதைக்கு விடுங்கள். செய்யவே இல்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி கொடுக்கலாம், அரசில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். சளி எடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று தடவை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். கெட்டியாக ஒரு டீஸ்பூன் அளவு போதும். டப்பாவில் நுரையாக எச்சில் இருந்தால் ‘நெகட்டிவ்’ என்று வருவதற்கு அர்த்தமே இல்லை. எடை குறைந்துகொண்டே போவதும், ராத்திரி வேர்த்துச் சட்டை நனைவதும் இருந்தால், ஒரு தடவை நெகட்டிவ் வந்ததோடு நிறுத்தக் கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று இருக்கிறது, அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை: மெலியாய்டோசிஸ். இந்த நோயைத் தரும் கிருமி சேற்றிலும் நெல்வயல் தண்ணீரிலும் வாழும், தென்னிந்தியாவில் இருக்கிறது, மழைக்காலத்தில் கூடும், சர்க்கரைக்காரரைத் தேடிப் பிடிக்கும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும். அடைமழையில் சேற்றுத் துளியை மூச்சில் இழுத்தாலும் வரும். நிமோனியா மாதிரி வரும், டிபி மாதிரி இழுக்கும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். நிமோனியாவுக்கு வழக்கமாகப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இதற்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரண்டு வாரம், அப்புறம் மாத்திரை மூன்று மாதம் என்பதுதான் சிகிச்சை. ரத்தத்தையும் சளியையும் கல்ச்சர் வைத்தால் கிருமி வளரும், ஆனால் பழக்கமில்லாத லேபில் ‘சூடோமோனாஸ்’ என்று வேறொரு கிருமியின் பேரையோ ‘கலப்படம்’ என்றோ எழுதிவிடுவதும் உண்டு. உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதால் இதற்கு வாய்ப்பு குறைவு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காய்ச்சல் திரும்பினால், போகிற இடத்தில் முதல் வாக்கியமாக ‘இவர் நடவுக் காலத்தில் சேற்றில் நின்றவர், சர்க்கரை இருக்கிறது’ என்று சொல்லுங்கள். எலி மூத்திரத்தால் வருகிற லெப்டோஸ்பைரோசிஸ் பற்றிய யோசனையும் அதே வாக்கியத்தில்தான் டாக்டருக்கு வரும். வயலில் என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், நாமும் சொல்வதில்லை.

சர்க்கரையில் இரண்டு பக்கமும் வழுக்கும். நோய் உச்சத்தில் இருந்தபோது சர்க்கரை ஏறும், ஆஸ்பத்திரியில் இன்சுலின் அளவைக் கூட்டுவார்கள். கிருமி அடங்கி, பசியும் சரியாக இல்லாமல், அதே அளவு இன்சுலின் தொடர்ந்தால் விடியற்காலையில் தாழ்சர்க்கரை வரும். வேர்வை, கைநடுக்கம், பதற்றம், படபடப்பு. 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வீட்டுக்கு வந்த முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாளாவது வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து, எண்களை எடுத்துக்கொண்டு போய் மருந்தளவைச் சரிசெய்ய வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்திருந்தால், எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் அது நின்றது நின்றபடியே போய்விடும். நிமோனியா வந்து சேர்ந்தவர்களுக்கு முதல் மாதத்தில் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வரும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு வலிக்காமலே வரலாம் என்பதால், இரண்டு காலும் வீங்குவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது இரண்டையும் ‘நெஞ்சுச் சளி’ கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருப்பார்கள். அதை எல்லோரும் ‘ஊதுற மிஷின்’ என்கிறோம், அதனாலேயே பாதிப் பேர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் காற்றை மெதுவாக முழுக்க வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, இளநீரை உறிஞ்சுவதுபோல நிதானமாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து எழும்பியதும் அதை மூன்று விநாடி மேலேயே நிறுத்தப் பாருங்கள். மூன்று பந்தையும் வெடுக்கென்று தூக்கிக் கீழே போடுவதில் பெருமையும் இல்லை, பலனும் இல்லை. மெதுவாக, நீளமாக இழுத்தால்தான் கீழ்நுரையீரல் விரியும். ஒரு தடவைக்குப் பத்து இழுப்பு, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடட்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். பத்து முடிந்ததும், கண்ணாடியில் ஆவி படியும்படி வாயைத் திறந்து ‘ஹா’ என்று இரண்டு தடவை விடச் சொல்லுங்கள். வறட்டு இருமலால் தொண்டை கிழிவதைவிட அதில் சளி சுலபமாக மேலே வரும். கொஞ்ச நாளில் உட்கார்ந்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் கருவியைவிட நடைதான் பெரிய பயிற்சி. ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிஷம் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

குளியல், சாப்பாடு விஷயத்தில் வீட்டுக்கு வீடு சட்டம். வெந்நீரில் தலைக்குக் குளிக்கலாம், உடனே துவட்டிவிட்டால் போதும். தலைக்கு ஊற்றியதால் நிமோனியா திரும்பாது. தயிர், வாழைப்பழம் சாப்பிட்டால் சளி கட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் சாப்பிட்டதும் இருமல் வருகிறது என்று அவரே சொன்னால் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். தூதுவளை ரசமும் கற்பூரவல்லிச் சாறும் தொண்டைக்கு இதமாக இருக்கும், மருந்துக்கு மாற்று கிடையாது. உண்மையான குறைபாடு புரதத்தில்தான். பத்து நாள் படுக்கையில் தொடைச்சதை கரைந்திருக்கும், கஞ்சியும் ரசஞ்சோறும் மட்டும் கொடுத்து அதை மீட்க முடியாது. தினம் இரண்டு முட்டை, வேளைக்கு ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, கிடைக்கிற நாளில் விரால் குழம்பு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதமும் இளநீரும் டாக்டரிடம் கேட்டுத்தான். ஆவி பிடிப்பதால் நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை, கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்வதுதான் நடக்கிறது. சர்க்கரைக்காரருக்கு அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடியே படுப்பது இந்தப் பக்கப் பெரியவர்களின் பழக்கம், அதை நிறுத்துங்கள். தூக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போனால் இன்னொரு நிமோனியா.

இனி அறுப்பு. குளிரும் நடையும் அவரைக் கெடுக்காது, தூசிதான் கெடுக்கும். அறுப்பு மிஷின் பின்னால் பறக்கிற சுணையும் கருக்காவும், கொள்முதல் நிலையத்தில் தூற்றும்போது எழும் புழுதியும், இப்போதுதான் தோல் கட்டிவரும் மூச்சுக்குழாயில் மணல்தாள் தேய்ப்பது மாதிரி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் பெரிய தூசிதான் நிற்கும், நுண்தூசி உள்ளே போகும். என்95 முகக்கவசம் அதைத் தடுக்கும், ஆனால் மூச்சுவாங்குபவருக்கு அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது சுமை. ஆறு வாரம் முடிந்து எக்ஸ்ரேயும் பார்த்த பிறகு, தூசி தன்மேல் அடிக்காதபடி காற்று வருகிற பக்கத்து வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கட்டும். களத்துக்கும் மூட்டை அடுக்கும் இடத்துக்கும் இந்த வருஷம் வேண்டாம். ஈர வைக்கோல் பூசணம் பிடித்த போரைப் பிரிக்கும் வேலை அவருக்கு எப்போதுமே வேண்டாம், அந்தப் பூசணத்தூள் தனியாக ஒரு நுரையீரல் நோயைத் தரும். அடுத்த நடவுக்குச் சேற்றில் இறங்கினால் முழங்கால்வரை கம்பூட்ஸ், காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. வீட்டில் விறகடுப்பு எரியும் நேரம் அவர் வாசல் பக்கம் இருக்கட்டும். போகியன்று விடியலில் தெருப்புகையும் பனியும் சேர்ந்து நிற்கும்போது கதவைச் சாத்தி உள்ளே வையுங்கள்.

வீட்டில் குழந்தை இருந்து அதற்கும் இருமல் என்றால் மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிஷத்துக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. மூச்சு இதைத் தொட்டாலோ விலா ஓரம் உள்ளே இழுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தடுப்பூசி இரண்டு உண்டு: நிமோகாக்கஸ் கிருமிக்கு ஒன்று, வருஷாவருஷம் போடும் ஃப்ளூ ஊசி ஒன்று. சர்க்கரையும் வயதும் உள்ள உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்தும். குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் ஊசி அரசுத் திட்டத்தில் இருக்கிறது, பெரியவர்கள் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கும். காய்ச்சலும் பலவீனமும் தீர்ந்த பிறகு, ஆறு வார வருகையின்போதே எது, எப்போது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசியை ஐப்பசி அடைமழைக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது.

டாக்டரை மாற்றுவது பற்றி: இப்போது மாற்ற வேண்டாம். முதல்முறை நெஞ்சைக் கேட்டவர் காதுக்குத்தான் இப்போதைய மாற்றம் புரியும். 42ஆம் நாளை ஒட்டி அவரிடமே போங்கள். தஞ்சாவூர் தூரம் என்றால் மன்னார்குடி அரசு மருத்துவமனையிலோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம், ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, சேர்த்த அன்றைய எக்ஸ்ரே, போன வாரத்து எக்ஸ்ரே, கல்ச்சர் ரிப்போர்ட், சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் காலி அட்டை, நீங்கள் எழுதிய எண்களின் நோட்டு, எல்லாம் ஒரே கவரில். அட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் கடை பில்லையாவது தேடி எடுத்து வையுங்கள்.